குறுக்கிழையும் நான்கு திருகுகளும்

ரைஃபிளின் மேல் ஒரு ஸ்கோப்பைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் இரண்டு வளையங்கள்தான். ஒன்று முன்னே, மற்றொன்று பின்னே. இரண்டுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் வளையத்தின் அடியில் ஒரு தலைமுடி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? முடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. ஸ்கோப்பின் பின்பக்கம் அந்த அளவு உயரும், பார்வைக் கோடு அந்த அளவு கீழே இறங்கும். குறியைப் பிடிக்கச் சுடுபவர் தம்மை அறியாமலே குழலை உயர்த்துவார். 100 மி.மீட்டருக்கு 0.07 மி.மீ. சாய்வு என்றால் 100 மீட்டருக்கு 70 மி.மீ. ஆக, குண்டு குறிக்கு 7 சென்டிமீட்டர் மேலே போய்ப் படும். 500 மீட்டரில் அதே முடி 35 சென்டிமீட்டர் பிழையாக வளர்ந்துவிடும்.

ஸ்கோப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை மடங்கு பெரிதாக்கும், அந்தி வெளிச்சத்தில் எவ்வளவு தெளிவு, லென்ஸ் எந்த நாட்டில் தேய்த்தது என்பதே பேச்சு. கண்ணாடி முக்கியம்தான். ஆனால் துப்பாக்கியின் மேல் ஏறியபிறகு ஸ்கோப் ஒரு கோணமானியாகிவிடுகிறது. குழலின் அச்சுக்கும் பார்வையின் அச்சுக்கும் இடையே ஒரு சிறு கோணத்தை அமைக்க வேண்டும். ஒவ்வொரு வெடிப்பின் உதைக்குப் பிறகும் அந்தக் கோணம் மாறாமல் இருக்க வேண்டும். அதைக் காக்கும் பொறுப்பு உலோகத்துக்கும் திருகுக்கும் உரியது. அந்தக் கோணத்தை எங்கே வைத்துப் பூட்டுவது என்ற தேடலாகவே ஸ்கோப்பின் வரலாற்றை நான் படிக்கிறேன்.

முதலில் வெறுங்கண்ணின் சிக்கலைப் பார்ப்போம். சாதாரண ரைஃபிளில் கண்ணருகே ஒரு பின்குறி, குழலின் நுனியில் ஒரு முன்குறி, தொலைவில் இலக்கு என மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். மூன்றும் மூன்று தூரங்களில் இருக்கின்றன. கண்ணின் லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும். இளம்வயதுக் கண் வேகமாக மாறி மாறிக் குவிந்து ஒருவாறு சமாளிக்கும். நாற்பதைத் தாண்டிய கண்ணால் அது முடிவதில்லை.

இந்தச் சிக்கலை லென்ஸே இல்லாமல் வெல்கிற விளையாட்டும் உண்டு. ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் தொலைநோக்கிக்கு அனுமதி இல்லை. 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபிநவ் பிந்த்ராவும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் பின்குறியில் உள்ள சிறு துளை வழியாகப் பார்த்தே சுட்டவர்கள். கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையைத் துளை குறுக்கிவிடுவதால், அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஓரளவுக்கு ஒன்றாகத் தெளியும். அந்த இலக்கின் நடுப்புள்ளி 0.5 மி.மீ. அகலம்தான். துளை மட்டுமே துணையாக இருக்க, அதைத் திரும்பத் திரும்பத் துளைக்கிறார்கள்.

தொலைநோக்கி வேறு வழியில் போகிறது. இலக்கின் பிம்பத்தைக் குறியடையாளம் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. கண் பார்க்க வேண்டியது ஒரே ஒரு தளம். பெரிதாக்குவதைவிட இதுதான் ஸ்கோப்பின் பெரிய கொடை என்று நான் கருதுகிறேன். இதைக் கண்டுபிடித்தவர் துப்பாக்கிக்காரர் அல்லர், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளைஞர்.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில், லீட்ஸ் நகரருகே மிடில்டனில் வாழ்ந்தவர் வில்லியம் கேஸ்காயின். 1630களின் இறுதியில், கெப்ளர் 1611இல் விவரித்த வகைத் தொலைநோக்கியை வைத்து அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் அதன் குழாய்க்குள் சிலந்தி ஒன்று இழை கட்டியிருந்தது. கண்ணருகு லென்ஸ் வழியாகப் பார்த்தபோது தொலைவில் இருந்த பொருளும் சிலந்தி இழையும் ஒருசேரத் தெளிவாகத் தெரிந்தன. பொருளருகு லென்ஸ் உருவாக்கும் பிம்பம் எந்தத் தளத்தில் விழுகிறதோ, தற்செயலாக அதே தளத்தில் இழை நின்றிருந்தது.

கலிலியோவின் தொலைநோக்கியில் இது நிகழ்ந்திருக்கவே முடியாது. அதில் கண்ணருகே இருப்பது குழிலென்ஸ். ஒளிக்கதிர்கள் பிம்பமாகக் கூடுமுன்னே அது அவற்றைப் பிரித்துவிடுகிறது. குழாய்க்குள் எங்கே இழை கட்டினாலும் அது தெளிவாகத் தெரியாது. கெப்ளரின் வடிவத்தில் இரண்டுமே குவிலென்ஸ்கள் என்பதால் நடுவில் மெய்யான பிம்பம் ஒன்று விழுகிறது. பிம்பம் தலைகீழாக இருந்தாலும் அங்கே ஒரு தளம் கிடைக்கிறது. தளம் இருந்தால் அதில் குறி வைக்கலாம், அளவுகோலும் வைக்கலாம். கேஸ்காயின் இரண்டையும் செய்தார். குறுக்கிழையை அமைத்ததோடு, நுண்திருகால் நகரும் இரு விளிம்புகளைக் குவியத்தில் வைத்து விண்பொருள்களின் கோண அகலத்தை அளந்தார். 1644இல் உள்நாட்டுப் போரின் மார்ஸ்டன் மூர் களத்தில் அவர் இறந்தார். அவருடைய அந்த அளவுகருவியை, அதாவது மைக்ரோமீட்டரை, உலகம் அறிந்துகொண்டது 1667இல், ராபர்ட் ஹூக் அதன் படத்தை வரைந்து வெளியிட்டபோதுதான்.

குறுக்கிழை துப்பாக்கிக்குப் போவதற்கு முன் நிலஅளவைக்குப் போனது. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய மாபெரும் நிலஅளவைப் பணியில், அரை டன் எடையுள்ள ஒரு தியோடலைட் முதன்மைக் கருவியாக இருந்தது. 1808இல் தஞ்சாவூரில் பெரிய கோயிலின் உச்சிக்கு அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதியது. கோணம் படிக்கும் வட்டத் தகடு வளைந்துபோனது. லாம்ப்டன் தம்மைத் தனிமைப்படுத்திக்கொண்டு வாரக்கணக்கில் அந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து நேராக்கினார். தொலைநோக்கி எவ்வளவு கூர்மையாகக் காட்டினாலும், அதைத் தாங்கும் உலோகம் கோணிவிட்டால் அளவு பொய்யாகிவிடும் என்பதை அவரளவுக்கு உணர்ந்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். ரைஃபிள் ஸ்கோப்பில் தஞ்சாவூரின் அந்த மோதல் ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் நடக்கிறது.

இனி ஸ்கோப்பின் உட்புறம். முன்னால் பொருளருகு லென்ஸ், அதன் பிம்பம் விழும் முதல் குவியத் தளம், தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்துவதற்கென்று உள்ளே ஒரு சிறு குழாயில் அடைத்த நிமிர்த்தும் லென்ஸ்கள், அவை உருவாக்கும் நேர்ப் பிம்பம் விழும் இரண்டாம் குவியத் தளம், கடைசியாகக் கண்ணருகு லென்ஸ். மடங்கை மாற்றக்கூடிய ஸ்கோப்புகளில் நிமிர்த்தும் லென்ஸ்களே முன்னும் பின்னும் நகர்ந்து பிம்பத்தைச் சிறிதும் பெரிதும் ஆக்குகின்றன.

குறுக்கிழையை எந்தத் தளத்தில் வைப்பது? முதல் தளத்தில் வைத்தால் மடங்கைக் கூட்டும்போது இலக்கோடு சேர்ந்து இழையும் பெரிதாகும். அதில் பொறித்த அளவுக் கோடுகள் எந்த மடங்கிலும் உண்மை சொல்லும். இரண்டாம் தளத்தில் வைத்தால் இழை எப்போதும் ஒரே தடிமனில் கண்ணுக்கு இதமாக இருக்கும், ஆனால் அளவுக் கோடுகள் ஒரே ஒரு மடங்கில்தான் சரியாக இருக்கும். தூரத்தைக் கணித்துச் சுடுபவர்கள் முதலாவதை விரும்புகிறார்கள். காட்டில் நூறடியில் திடீரென்று எதிர்ப்படும் விலங்கைச் சுடுபவருக்கு இரண்டாவது போதும்.

வெளிச்சம் பற்றிய தவறான நம்பிக்கைகள் ஏராளம். தடித்த உடற்குழாய் அதிக வெளிச்சம் தரும் என்பது அவற்றில் ஒன்று. 25.4 மி.மீ., 30 மி.மீ., 34 மி.மீ. என்று குழாய்கள் வருகின்றன. குழாய் தடித்தால் உள்ளே இருக்கும் சிறு குழாய் நகர இடம் கூடுகிறது, அதனால் கோணத்தைத் திருத்தும் எல்லை விரிகிறது. வெளிச்சத்தை முடிவு செய்பவை முன் லென்ஸின் விட்டமும் மடங்கும்தான். விட்டத்தை மடங்கால் வகுத்தால் வெளியே வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸ், 4 மடங்கு என்றால் 10 மி.மீ.; 10 மடங்கு என்றால் 4 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நிலவொளியில் காட்டுப்பன்றி வேட்டையாடுகிறவர்கள் தலைமுறைகளாக 8 மடங்கு, 56 மி.மீ. ஸ்கோப்பையே நாடியதன் கணக்கு இதுதான். 56ஐ 8ஆல் வகுத்தால் 7.

வெளிச்சத்தை விழுங்குகிற இன்னொன்று கண்ணாடியின் பரப்பு. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஐந்து லென்ஸ்களின் பத்துப் பரப்புகளைத் தாண்டும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. 1935இல் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா லென்ஸின்மேல் மெல்லிய படலம் பூசி இந்த இழப்பைக் குறைத்தார். ஜெர்மனி அதை ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தது. பரப்புக்கு அரை சதவீத இழப்பு என்று கொண்டால் அதே பத்துப் பரப்புகளைத் தாண்டி 95 சதவீதம் வந்துசேரும். உட்புறத்தில் ஈரம் பனித்துவிடாதபடி உலர்ந்த நைட்ரஜனை அடைத்து மூடும் முறை இரண்டாம் உலகப் போருக்குப்பின் பரவியது.

இடமாறு தோற்றப்பிழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் துப்பாக்கியையும் தோட்டாவையும் பழிசொல்லி மாளாத பலருக்கு இதுதான் உண்மையான காரணம். பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து வேகமானியைப் பார்த்தால் முள் வேறொரு எண்ணைக் காட்டுகிறது. முள்ளும் எண்களும் ஒரே தளத்தில் இல்லாததால் வரும் பிழை அது. ஸ்கோப்பிலும் அப்படியே. இலக்கின் பிம்பம் குறுக்கிழையின் தளத்தில் மிகச் சரியாக விழுவது ஒரே ஒரு தூரத்துக்குத்தான். அதைவிடத் தொலைவில் இருக்கும் இலக்கின் பிம்பம் இழைக்குச் சற்று முன்னால் விழும், அருகில் இருப்பதன் பிம்பம் பின்னால் விழும். அப்போது கண்ணைச் சற்று நகர்த்தினாலும் துப்பாக்கி அசையாமலே குறி அசையும்.

எவ்வளவு அசையும் என்று கணக்கிட முடியும். முன் லென்ஸின் விட்டம் 40 மி.மீ. என்றும், பிழையில்லாத தூரம் 100 மீட்டர் என்றும் கொள்வோம். 300 மீட்டர் இலக்கைப் பார்க்கும்போது கண் ஒளிவட்டத்தின் விளிம்புக்குப் போய்விட்டால், லென்ஸின் ஆரமான 20 மி.மீட்டரை, மிகுதியான 200 மீட்டருக்கும் 100 மீட்டருக்கும் உள்ள விகிதத்தால் பெருக்க வேண்டும். 40 மி.மீ. பிழை வருகிறது. மானை வேட்டையாடுபவருக்கு இது ஒரு பொருட்டல்ல. தாளில் துளைகளைக் கூட்டிச் சேர்க்க முயலும் போட்டியாளருக்கோ, அது வெற்றி தோல்வி. அதனால்தான் நல்ல ஸ்கோப்புகளில், கோணத்தைத் திருத்தும் இரு குமிழ்களோடு, இடப்புறத்தில் மூன்றாவதாக ஒரு குமிழ் இருக்கிறது. அது உள்ளே ஒரு லென்ஸை நகர்த்தி, பிம்பத்தைக் குறுக்கிழையின் தளத்துக்குக் கொண்டுவருகிறது. அந்தக் குமிழ் இல்லாத ஸ்கோப்பில் ஒரே மருந்து, கன்னத்தை எப்போதும் துப்பாக்கிக் கட்டையின் ஒரே இடத்தில் வைப்பதுதான். ஆகவே ஸ்கோப்பைப் பொருத்தும் உயரமும் இதில் பங்கேற்கிறது. தேவைக்கு மேல் உயர்த்திப் பொருத்தினால் கன்னத்துக்குக் கட்டை எட்டாது, தலை அந்தரத்தில் மிதக்கும், கண் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும்.

கோணத்தை எங்கே பூட்டுவது என்ற கேள்விக்கு இப்போது வருவோம். அமெரிக்காவில் 1840களில் ஜான் சாப்மன் என்ற பொறியாளரின் வடிவமைப்பில், நியூயார்க் மாநிலத்தின் யுடிகா ஊரைச் சேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞர் மார்கன் ஜேம்ஸ் செய்த ஸ்கோப்புகள் குழலளவு நீண்டவை. 1855 முதல் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் நிறப்பிழை நீக்கிய லென்ஸ்களுடன் அவற்றை மேம்படுத்தினார். அந்தத் தலைமுறை ஸ்கோப்புகளில் குறுக்கிழை அசையாது, உள்ளே எதுவும் நகராது. கோணத்தை மாற்ற வேண்டுமானால் முழு ஸ்கோப்பையும் சாய்க்க வேண்டும். நுண்திருகு, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்டில் இருந்தது. மவுண்டே கோணமானியாக வேலை செய்தது.

அந்த மரபின் உச்சம், பிட்ஸ்பர்க்கில் தொழில் நடத்திய ஜான் யுனெர்ட்லின் ஸ்கோப்புகள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படையின் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்களில் அவருடைய 8 மடங்கு ஸ்கோப் ஏறியது. அதில் வியக்கவைக்கும் ஒரு தன்மை உண்டு. துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் அதோடு போகாது. வளையங்களுக்குள் வழுக்கி, இருந்த இடத்திலேயே நிற்க முயலும். துப்பாக்கியிலிருந்து பார்த்தால் ஸ்கோப் முன்னால் ஓடியது போலிருக்கும். சுடுபவர் ஒவ்வொரு முறையும் அதைக் கையால் பின்னுக்கு இழுத்துவைக்க வேண்டும். பார்க்கப் பழங்காலத்து முறையாகத் தோன்றினாலும் இயற்பியல் அறிவு நிறைந்த முறை அது. உதையின் வேகத்தை லென்ஸ்களுக்குள் செல்லவே விடவில்லை.

அடுத்த கட்டத்தில் நுண்திருகு ஸ்கோப்புக்குள் குடியேறியது. முதலில் குறுக்கிழையையே நகர்த்தினார்கள். திருத்தும்போது இழை பார்வை வட்டத்தின் நடுவிலிருந்து ஒதுங்கி ஓரத்தில் போய் நின்றது, கண்ணுக்கு உறுத்தலாக இருந்தது. பிறகு இழையை நடுவிலேயே நிறுத்திவிட்டு, நிமிர்த்தும் லென்ஸ்கள் உள்ள சிறு குழாயைச் சாய்த்துப் பிம்பத்தை நகர்த்தினார்கள். இன்றைய ஸ்கோப்புகள் இப்படித்தான் இயங்குகின்றன. மேலே உள்ள குமிழ் அந்தக் குழாயை ஏற்றி இறக்கும், வலப்புறக் குமிழ் பக்கவாட்டில் தள்ளும், எதிர்ப்புறத்தில் ஒரு வில் அதை எப்போதும் திருகோடு அழுத்திப் பிடிக்கும். குமிழைத் திருப்பும்போது கேட்கும் ஒரு கிளிக் பெரும்பாலும் 0.1 மில்லிரேடியன், அதாவது 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர். பொருளருகு லென்ஸின் குவியத்தூரம் 150 மி.மீ. என்று கொண்டால், குவியத் தளத்தில் அது 0.015 மி.மீ. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த நகர்வை ஆயிரக்கணக்கான முறை பிசகாமல் செய்துகாட்டும் திருகுக்கும் வில்லுக்கும்தான் விலை உயர்ந்த ஸ்கோப்பில் நாம் பணம் கொடுக்கிறோம்.

திருகு உள்ளே போனதும் மவுண்டின் வேலை முற்றிலும் மாறிவிட்டது. இனி அது அசையவே கூடாது. எவ்வளவு விசையைத் தாங்கி அசையாமல் நிற்க வேண்டும்? 7.62 மி.மீ. நேட்டோ ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். 9.5 கிராம் குண்டு நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. மருந்து வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால், ஸ்கோப்போடு 4.5 கிலோ எடையுள்ள துப்பாக்கி அந்தக் கணத்தில் பின்னோக்கி நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகம் பெறும். குண்டு குழலுக்குள் இருப்பது சுமார் 1.2 மில்லிநொடிதான். அவ்வளவு குறுகிய நேரத்தில் அவ்வளவு வேகம் என்றால் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 170 மடங்கு. 700 கிராம் ஸ்கோப் அந்தக் கணத்தில் 120 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் பாய முயல்கிறது. இது சராசரிதான், உச்சம் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஸ்கோப் முன்னால் பாய முயல்கிறது என்பதைக் கவனியுங்கள். துப்பாக்கி பின்னே போகிறது, நிலைமத்தால் ஸ்கோப் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது. அதனால்தான் துப்பாக்கியின் மேல் உள்ள, குறுக்கே பள்ளங்கள் வெட்டிய ரெயிலில் மவுண்டைப் பூட்டும்போது, மவுண்டின் குறுக்குத் தண்டு பள்ளத்தின் முன்சுவரைத் தொடும்படி முன்னோக்கித் தள்ளிவிட்டு இறுக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டுப் பூட்டினால் முதல் சில வெடிப்புகளில் மவுண்ட் தானே முன்னே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். குறியும் கூடவே நகரும்.

அந்த ரெயிலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1930இல் தொழில் தொடங்கிப் பின்னர் டெக்ஸஸின் எல் பாசோவுக்குப் போன வில்லியம் வீவர், சாதாரண வேட்டைக்காரர்களும் வாங்கக்கூடிய விலையில் ஸ்கோப்புகளைச் செய்தார். அவருடைய பெயரால் வழங்கும் ரெயிலில் பள்ளங்களின் இடைவெளிக்குத் திட்டமான அளவு இருக்கவில்லை. அதை ஒழுங்குபடுத்தி, பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மி.மீ. என்று அமெரிக்க ராணுவம் 1995இல் தரம் வகுத்தது. நியூ ஜெர்சியின் பிக்கட்டினி ஆயுதச்சாலையின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இன்று எந்த நாட்டு ஸ்கோப்பும் எந்த நாட்டு ரைஃபிளிலும் ஏறுகிறது என்றால் இந்த இரண்டு எண்கள்தான் காரணம்.

ஏர் ரைஃபிள்களில் வில்லால் பிஸ்டனைத் தள்ளும் வகை மட்டும் இந்தக் கணக்கைப் புரட்டிவிடும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே இடிக்கும். ஒரே முறை சுடும்போதே இரண்டு திசையிலும் அடி. பெரிய வேட்டைத் துப்பாக்கியின் உதையைத் தாங்கிய ஸ்கோப்பின் உள்லென்ஸ்கள், சிறுவர்கள் தகரடப்பாவைச் சுடும் வில் ரைஃபிளில் கழன்றுபோனதுண்டு. எதிர்த்திசை அடிக்கு அவற்றை யாரும் தாங்குகட்டை கொடுத்து அமைத்திருக்கவில்லை. ஸ்கோப் பின்னோக்கி வழுக்காதபடி இந்த வகையில் பின் வளையத்துக்குப் பின்னால் ஒரு தடுப்பு முளை வைப்பார்கள்.

ரெயில் தரப்படுத்தப்படுவதற்கு முன், ஒவ்வொரு துப்பாக்கியும் மவுண்டின் வடிவத்தைத் தானே தீர்மானித்தது. அமெரிக்காவின் எம்1 காரண்டில் எட்டுத் தோட்டாக்கள் கொண்ட கிளிப் மேலிருந்து உள்ளே போகிறது, காலியானதும் மேல்நோக்கியே எகிறி விழுகிறது. அதன் தலைக்கு நேர் மேலே ஸ்கோப் வைக்க இடமில்லை. இடப்பக்கமாகத் தள்ளிப் பொருத்தினார்கள். கன்னம் பழைய இடத்தில் நின்றால் கண் ஸ்கோப்புக்கு எட்டாது என்பதால் கட்டையில் தோல் மெத்தை ஒன்றைக் கட்டிச் சுடுபவரின் முகத்தையே இடப்பக்கம் நகர்த்தினார்கள். சோவியத் மோசின் ரைஃபிளில் ஸ்கோப்பைப் பக்கவாட்டு மவுண்டில் உயர்த்தி நிறுத்தி, போல்ட்டின் கைப்பிடி ஸ்கோப்பில் முட்டாதபடி அதை நீட்டிக் கீழ்நோக்கி வளைத்தார்கள். தோட்டாக்களைக் கிளிப்போடு ஒரே அழுத்தில் ஏற்ற முடியாமல் ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டி வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் 4ஆம் எண் ரைஃபிள். தொழிற்சாலையில் சோதித்துத் தேர்ந்தவற்றை லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். செல்வந்தர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்துகொடுத்த கைவினைஞர்கள், உடற்பகுதியின் இடப்புறத்தில் இரண்டு எஃகுத் திண்டுகளைத் திருகி, ஈயப்பற்றும் வைத்து நிலைப்படுத்தினார்கள். இரண்டு பெரிய கைத்திருகுகளால் ஸ்கோப்பின் தாங்கி அவற்றில் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தாங்கியும் அதற்குரிய ஒரே ரைஃபிளோடு இழைத்துப் பொருத்தியது. அதனால் ரைஃபிளின் எண்ணைத் தாங்கியில் பொறித்தார்கள், ஸ்கோப்பின் எண்ணை மரக்கட்டையின் கழுத்தில் பொறித்தார்கள். இந்த மூன்றும் பிரியக்கூடாது. 20,000க்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் இப்படி மாறின. அதில் ஏறிய 32ஆம் எண் ஸ்கோப் முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கென்று வடிவமைத்தது என்பது இன்னொரு வியப்பு. கண்ணாடியை வேறொன்றிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. பொருத்தும் வேலையை மட்டும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகக் கையால் செய்ய வேண்டியிருந்தது.

அதே கைவேலையை அமைதிக்காலத்தில் வளர்த்தெடுத்தது ஜெர்மனியின் ஸூல் நகரம். அங்கே உருவான கொக்கி மவுண்டில், ஸ்கோப்பின் அடியில் உள்ள கொக்கிகள் துப்பாக்கியின் மேல் வெட்டிய குழிகளில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஒரே விரலசைவில் கழற்றலாம், திரும்ப மாட்டினால் குறி மாறாது. கொக்கியும் குழியும் ஒன்றையொன்று இடைவெளியின்றித் தழுவும்வரை அரத்தால் சிறிது சிறிதாக ராவிப் பொருத்த வேண்டும். அப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் இப்போது அருகிவிட்டார்கள்.

இன்றைய வளையங்கள் இயந்திரத்தில் கடைந்தவை, மலிவானவை, பொருத்த எளியவை. அந்த எளிமைதான் மிகுதியான தவறுகளுக்கும் இடம்கொடுக்கிறது. இரண்டு வளையங்களும் ஒரே அச்சில் நிற்காவிட்டால், மேல்பாதியை இறுக்கும்போது ஸ்கோப்பின் அலுமினியக் குழாய் வளையும். வளைந்த குழாய்க்குள் நிமிர்த்தும் குழாய் உரசும், குமிழைத் திருப்பினால் கிளிக் கேட்கும், குறி நகராது. மிகைப்பட இறுக்கினாலும் இதே கதிதான். பல தயாரிப்பாளர்கள் வளையத் திருகுகளுக்குச் சொல்லும் அளவு சுமார் 2 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 2 கிலோ எடை தொங்கும் அளவு அது. கைக்கு அது மிகக் குறைவாகத் தோன்றும். முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் செய்பவர் பெரும்பாலும் இரு மடங்கு இறுக்கிவிடுவார்.

உலோகத்தின் வகையும் கணக்கில் வரும். எஃகு உடலின்மேல் 150 மி.மீ. அலுமினிய ரெயில் திருகியிருக்கிறது என்றால், வெயில் 30 டிகிரி ஏறும்போது அலுமினியம் எஃகைவிட 0.05 மி.மீ. அதிகமாக நீளும். இரு முனையும் பூட்டியிருப்பதால் அது வழுக்க வேண்டும் அல்லது வளைய வேண்டும். சில ரைஃபிள்களில் உடற்பகுதியின் மேலேயே பள்ளத்தை வெட்டி, தனி ரெயிலே வேண்டாமென்று செய்திருப்பதில் இப்படி ஒரு நன்மையும் இருக்கிறது.

தொலைதூரத்துக்குச் சுடுபவர்கள் ரெயிலை வேண்டுமென்றே சாய்த்துச் செய்கிறார்கள். 100 மீட்டருக்குச் சரிசெய்த 7.62 மி.மீ. ரைஃபிளின் குண்டு 500 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். அதை ஈடுகட்ட 30க்கும் மேற்பட்ட கிளிக் ஏற்ற வேண்டும். 1,000 மீட்டருக்குப் போனால் ஸ்கோப்பின் திருத்த எல்லையே தீர்ந்துபோகலாம். ஆகவே 150 மி.மீ. ரெயிலின் பின்முனையை 0.9 மி.மீ. அளவுக்கு உயர்த்திக் கடைகிறார்கள். முதல் பத்தியில் தலைமுடி செய்த அதே காரியத்தை இங்கே திட்டமிட்டுச் செய்கிறார்கள்.

குறுக்கிழையின் செங்குத்துக் கோடு உண்மையிலேயே செங்குத்தாக நிற்க வேண்டும். இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டைவிடச் சிறந்த கருவி இல்லை. துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, தொலைவில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, இழை நூலோடு ஒன்றும்வரை ஸ்கோப்பை வளையத்துக்குள் உருட்டி, பிறகு இறுக்குவார்கள். இழை 5 டிகிரி சாய்ந்திருக்க, துப்பாக்கியை நேராகப் பிடித்துச் சுட்டால், மேல்நோக்கிக் கொடுத்த ஈடு பக்கவாட்டிலும் சிந்தும். 500 மீட்டரில் அது 15 சென்டிமீட்டரைத் தாண்டும். அதைக் காற்றென்று நினைத்துத் திருத்துபவர்கள் உண்டு.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை செய்வார்கள். ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்டு, மேலே 30 கிளிக் போய்ச் சுட்டு, வலமாக 30, கீழே 30, இடமாக 30 என்று ஒரு சதுரம் வரைவார்கள். குறிவைப்பது எப்போதும் அந்த முதல் புள்ளியைத்தான். 100 மீட்டரில் சதுரத்தின் பக்கம் 30 சென்டிமீட்டராக இருக்க வேண்டும், ஐந்தாவது குண்டு முதல் துளைக்குத் திரும்ப வேண்டும். பக்கத்தின் நீளம் தவறினால் குமிழும் உள்குழாயும் சந்தேகத்துக்குரியவை. நீளம் சரியாக இருந்தும் ஐந்தாவது குண்டு வேறெங்கோ போய் விழுந்தால், ஸ்கோப்பைக் கழற்றித் தயாரிப்பாளருக்கு அனுப்புமுன் ரெயிலின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும், பிறகு வளையங்களை. அனுபவமுள்ள துப்பாக்கிக் கைவினைஞர் சோதிக்கும் வரிசையும் இதுதான்; கண்ணாடியை அவர் கடைசியில்தான் பார்ப்பார்.